வலை பொறுக்கிய ஞாயிறு

"ஏளா, ஆமைக்கு வக்காலத்து வாங்க இந்த ஊருல வேற ஆளே கிடைக்கலையா?"

சோற்றைப் பிசைந்தபடியே கேட்டான் பவுல். குழம்புச் சட்டியோடு எதிரில் நின்ற தங்கை கிளாடிஸ் அசரவில்லை.

"ஆமை மட்டுமா சாவுது, மீனுந்தான் சாவுது. பருத்தி வலைன்னா கிழிஞ்சதைக் கடல்ல போட்டா மக்கிப் போவும். நைலான் மக்குமாண்ணே? பழக்கதோசத்துல அதையும் கடல்லயே கொட்டுதீங்க. அது அடியில பாறையைச் சுத்திக்கிட்டு வருசக்கணக்கா கெடக்கு."

தூத்துக்குடியில் புதுத் துறைமுகம் திறந்த மறு வருஷம் அது. பக்கத்திலிருந்த அந்தச் சின்னக் கடற்கரை ஊரில் பருத்தி வலை என்ற ஒன்று இருந்ததையே எல்லாரும் மறந்திருந்தார்கள். கிளாடிஸ் ஒருத்தி மட்டும் அதை ஞாபகப்படுத்திக்கொண்டு திரிந்தாள்.

அவளுடைய திட்டம் இதுதான். வருகிற ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ஊரே கரையில் கூட வேண்டும். வீட்டில் கிடக்கும் கிழிந்த வலைகளைக் கொண்டுவந்து குவிக்க வேண்டும். கடலுக்கடியில் கிடப்பதை முங்கி எடுக்க வேண்டும். குவிந்ததைப் பெண்கள் முறுக்கிக் கட்டில் கயிறும் ஆட்டுக்கு வேலியும் ஆக்கிக்கொள்வார்கள். இனி ஒருவரும் கடலில் வலையைக் கொட்டக் கூடாது.

இதைச் சொல்லி வீடு வீடாக ஏறி இறங்கியதில் 'ஆமைக்காரி' என்ற பட்டப்பெயர்தான் மிச்சம். "ஒங்க அண்ணன் வரட்டும், நாங்க வாரோம்" என்று எல்லாரும் நழுவினார்கள். கரையிலேயே பெரிய வள்ளம் பவுலுடையது. அதிகமாக வலை கிழிப்பதும் அவன்தான். அவன் அசையாமல் ஊர் அசையாது.

"ஒரு நாளைக்கு வள்ளத்தைத் தாண்ணே."

"முங்கப் போறது யாரு?"

கிளாடிஸ் குனிந்து குழம்பை ஊற்றினாள். "இனிகோ."

"அவன் என் வள்ளத்துல கால் வைக்கப்பிடாது."

இனிகோ சங்கு குளிக்கிறவன்; கயிற்றை வள்ளத்தில் ஒருவர் பிடித்திருக்க, அடியில் முங்கிச் சங்கு எடுப்பான். அந்தக் கரையில் அவனைப்போல் மூச்சுப் பிடிக்க ஆள் கிடையாது. அவன்மேல் என்ன கோபம் என்று கிளாடிஸும் கேட்கவில்லை, பவுலும் சொல்லவில்லை.

அடுக்களையிலிருந்து பவுலின் மனைவி அமலோற்பவம் குரல் கொடுத்தாள்.

"போன வருசம் சங்கு குளிக்கப் போன எடத்துல, நம்ம சிலுவைப் பயலுக்கு வலையில கால் மாட்டி, பொணம் மாதிரி கரையில கொண்டாந்து கெடத்துனாங்களே. அந்த வலை எவரு கொட்டுனதோ."

பவுல் பாதிச் சோற்றில் எழுந்து கை கழுவிவிட்டு வெளியே போய்விட்டான்.

கிளாடிஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டு எச்சில் தட்டை எடுத்தாள். அண்ணன் கெட்டவனா என்ன? அப்பா போன பிறகு தன் சட்டையைக் கிழியக் கிழியப் போட்டுக்கொண்டு தங்கைக்குப் புதுப்பாவாடை எடுத்தவன். அந்தப் பாசக்காரனிடம்தான் இப்படி ஒரு பிடிவாதமும் குடியிருந்தது.

"அழாத ஏளா. அவரு இந்தா பேசுவாரு, அந்தா இளகுவாரு" என்றாள் அமலோற்பவம்.

ஞாயிறும் வந்தது. பூசை முடிந்து கரைக்கு வந்தவர்கள் நாலைந்து பெண்கள்தான். குவியல் முழங்கால் உயரம்கூட இல்லை. ஆண்கள் தள்ளி நின்று சிரித்தார்கள்.

"நான் கட்டுமரத்துல போயி எடுக்கேன்" என்றான் இனிகோ.

"அவ்வளவு பாரத்தைக் கட்டுமரம் தாங்காது. ஒங்களையும் சேத்துக் கவுத்திரும்" என்றாள் கிளாடிஸ். குரல் உடைந்துவிட்டது.

அப்போதுதான் பவுலின் வள்ளம் கரையை ஒட்டி வந்தது. அதில் அவன் வீட்டுக் கிழிந்த வலைகள் மலையாகக் கிடந்தன. அவற்றை மணலில் தள்ளிவிட்டு, இனிகோவின் முகத்தைப் பார்க்காமலே சொன்னான்.

"ஏலே சிலுவை, நீ ஏறிக் கயிறைப் பிடி. அவனையும் ஏறச் சொல்லு."

சிரித்த வாய்கள் மூடிக்கொண்டன. வள்ளம் மறைவதற்குள் ஆளாளுக்கு வீட்டுக்கு ஓடி, வலையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார்கள்.

பொழுது சாய்கிற நேரத்தில், வள்ளம் வலைகளைச் சுமந்துகொண்டு திரும்பியது. சிக்கிக் கிடந்த ஒரு ஆமையைப் பவுல் அண்ணாச்சியே வலையை அறுத்துத் தப்பவிட்டார் என்று சிலுவை சொன்னதும் கரை கொல்லென்று சிரித்தது. பவுல் சிரிக்கவில்லை. இழுத்து இழுத்து அவன் உள்ளங்கைத் தோல் உரிந்திருந்தது.

"பாதிக்கு மேல என் வலைதாம்ளா" என்றான் தங்கையிடம். "நான் போட்ட முடிச்சு எனக்குத் தெரியாதா. இத்தனையும் அங்கன கெடந்திருக்கு."

பிறகு இனிகோவை முதல் முறையாக நிமிர்ந்து பார்த்தான்.

"அடியில இன்னும் கெடக்கா?"

"இல்ல அண்ணாச்சி. நல்லாத் தடவிப் பாத்துட்டேன். சுத்தமா இருக்கு."

பவுல் ஊர் கேட்கவே சொன்னான்.

"அடுத்த மாசம் சங்கு குளிக்கப் போகயில ஒன் கயிறை நான் பிடிக்கேன். வேற எவன் கையிலயும் குடுத்திராத."

அமலோற்பவம் ஓடிவந்து கிளாடிஸைக் கட்டிக்கொண்டாள். கிளாடிஸ் முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டு விம்மினாள்.

அந்தக் கரையில், சங்கு குளிக்கிறவனின் கயிற்றை உரிமையோடு கேட்டு வாங்குகிறவன் அவன் மனைவியின் உடன்பிறந்தவன் மட்டும்தான். "வலை மண்டிக் கிடக்கிற கடல்ல முங்குறவனுக்கு என் தங்கச்சியைத் தர மாட்டேன்" என்று, பெண் கேட்டு வந்த இனிகோவைப் பவுல் திருப்பி அனுப்பிய மறுநாள் காலையில்தான், கிளாடிஸ் கிழிந்த வலை கேட்டு முதல் வீட்டுப் படியேறியிருந்தாள்.