இறுகிப்போன கால் பங்கு

எனக்கு முதலில் துரோகம் செய்தது ஒரு சவரக்கத்தி. நான் லாரி டிரைவர் காசிலிங்கத்தின் கல்லீரல். சலூனில் முந்தைய ஆளின் ரத்தத்தைக் கழுவாமலே அந்தக் கத்தி எங்கள் கன்னத்தில் இறங்கியது. கூடவே ஒரு கிருமியையும் உள்ளே விட்டது.

"பெரியவரே, ஒரு ஓரமாக இருந்துகொள்கிறேன்" என்று கிருமி என்னிடம் வந்து ஒட்டியது. இருபது வருடம் ஓயாமல் குட்டி போட்டது. எனக்கு வலிக்கத் தெரியாது என்பதால் காசிலிங்கத்துக்கும் தெரியவில்லை. என்னில் கால் பங்கு தழும்பாகி இறுகிவிட்டது. முழுதும் இறுகினால் இருவருக்கும் முடிவுதான்.

ஒரு ரத்தப் பரிசோதனையில்தான் கிருமி மாட்டியது. முதலில் ஊசிமருந்து வந்தது. கிருமியை விட்டுவிட்டுக் காசிலிங்கத்தைத்தான் காய்ச்சலில் போட்டு உலுக்கியது.

"என்னைத் துரத்த வந்த உங்கள் ஆள் இதுதானா?" என்று கிருமி சிரித்தது.

பிறகு புது மாத்திரை வந்தது. அது சண்டை போடவில்லை. கிருமி குட்டியைக் கட்ட எடுக்கும் செங்கல் மாதிரியே வேடமிட்டு வரிசையில் நின்றது. கிருமிக்கு எப்போதும் அவசரம். பார்க்காமல் எடுத்து வைத்தது. அதன்மேல் அடுத்த கல் ஒட்டவில்லை; குட்டி பாதியிலேயே நின்றது.

"யாரடா நீ?"

"நீங்கள் எடுத்து வைத்த கல்தான் அண்ணே."

பன்னிரண்டு வாரத்தில் கிருமி பூண்டோடு ஒழிந்தது.

"இறுகிப்போன என் கால் பங்கு?" என்று மாத்திரையைக் கேட்டேன்.

"கிருமியைத் துரத்தத்தான் என்னைச் செய்தார்கள், ஐயா. தழும்புக்கு இன்னும் மருந்து தேடுகிறார்கள்."

"யார் தேடுகிறார்கள்? எந்த ஊரில்? நான் காத்திருக்கிறேன் என்று அவர்களுக்குத் தெரியுமா?"

அதற்குள் மாத்திரை கரைந்துபோயிருந்தது.