எடுக்க முடியாத கை

மாமனாரின் மூச்சுக்கு அன்றைய விலை ஒரு மிட்டாய்க் காசு. மூச்சுக்கருவியின் போர்டில் அந்த விலையுள்ள ஒரு ரெசிஸ்டர், ஒரு சின்ன மின்பாகம், இல்லை. அதனால் சிப்பின் ஒரு கால் எதிலும் சேராமல் தொங்கியது; ஓடிக்கொண்டிருந்த கருவி திடீரென நின்றது.

கருவியைத் திறந்த மருமகள் மின்சாரம் அளக்கும் மீட்டரின் கம்பியால் அந்தக் காலைத் தொட்டாள், கருவி ஓடியது. கையை எடுத்தாள், நின்றது. பெரியவருக்குக் கண் செருகியது. பதறி மறுபடி அழுத்தினாள்.

"கையை எடுத்துடாதே!" ஆம்புலன்ஸுக்குப் போன் போட்ட கணவன் அலறினான். "பத்து நிமிஷத்துல வந்துடுவாங்க."

போனை வைத்துவிட்டு அவன் கருவியை முறைத்தான்.

"எந்த மடையன் இதை டிசைன் பண்ணினான்? கையில கிடைக்கட்டும்!"

"கிடைச்சாச்சுங்க, நான்தான். டெஸ்ட் பண்றப்ப எப்பவும் மீட்டரை மாட்டியே வெச்சிருந்தேன். அந்த மீட்டரே ரெசிஸ்டர் வேலையைப் பார்த்துடுச்சு. நல்லா ஓடுச்சு, அனுப்பிட்டேன்."

அவள் கம்பியை அழுத்தியபடியே போனைக் கண்ணால் காட்டினாள்.

"என் ஆபீஸுக்கும் போன் போடுங்க. நானூறு கருவி வித்திருக்கோம். ஒருத்தருக்கு என் கை இருக்கு. மீதி முந்நூத்தித் தொண்ணூத்தொம்போது பேருக்கு யாருங்க இருக்கா?"