அன்பு ஊழியர்

“அமுக்காதீங்கம்மா. உருட்டணும்.”

கிளாரா கையை இலேசாக்கினாள். குச்சி நுனியில் சுற்றிய பஞ்சு, கண்ணாடியில் வரைந்திருந்த சூசையப்பரின் கன்னத்தில் மெல்ல உருண்டது. வெள்ளைப் பஞ்சு கறுத்தது.

சொல்லிக்கொடுத்தவன் பிரசன்னா. கோயிலின் மேற்குச் சுவரில் புதிதாகப் பதித்திருந்த அந்த வண்ணக் கண்ணாடி ஜன்னலைச் செய்த சென்னைப் பட்டறையின் ஆள். மே தினத்தன்று ஆயர் வந்து ஜன்னலை மந்திரித்துத் திறந்துவைக்க இருந்தார். அதற்குள் ஒரகடம் சாலையில் போகிற கன்டெய்னர் லாரிகளின் புழுதி அதன்மேல் அப்பிவிட்டது. இனிமேல் எப்படித் துடைப்பது என்று காட்டிவிட்டுப் போக அவனை அனுப்பியிருந்தார்கள்.

அந்த வாரம் கோயிலைச் சுத்தம் செய்கிற முறை கிளாராவின் தெரு அன்பியக் குழுவுக்கு. ஜன்னலை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று அவளாகத்தான் கேட்டு வாங்கினாள். மற்றப் பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு துடைப்பங்களை எடுத்துக்கொண்டு பந்தல் பக்கம் போய்விட்டார்கள்.

கண்ணாடித் துண்டுகளை ஈயப் பட்டைகள் கோத்துப் பிடித்திருந்தன. ஈயம் மெத்தென்று இருக்கும். கையை ஊன்றினால் வளைந்துவிடும். முதலில் மேலிருந்து கீழாக மெல்லிய பிரஷால் புழுதியைத் தள்ள வேண்டும். அப்புறம் பேட்டரிக்கு ஊற்றுகிற சுத்தத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த பஞ்சு. ஒரு துண்டின் ஈரத்தைத் துணியால் ஒற்றி எடுத்த பிறகுதான் அடுத்த துண்டைத் தொடலாம். கார் கண்ணாடிக்கு அடிப்பதுபோல எதையும் பீய்ச்சி அடிக்கவே கூடாது.

கிளாரா சொன்னதைச் சொன்னபடி செய்தாள். சூசையப்பரின் தாடி துலங்கியது. அவர் கையிலிருந்த இழைப்புளி துலங்கியது. படி வைத்த முக்காலியில் ஒரு படி கீழே இறங்கி, அவருடைய காலடிக்கு வந்தாள்.

அங்கேதான் எழுதியிருந்தது.

‘எங்கள் அன்பு ஊழியர் ஃபிரடியின் நினைவாக.’ அதன் கீழே, இன்னும் பெரிய எழுத்தில், கம்பெனியின் பெயர்.

“எழுத்துகிட்ட மட்டும் பாத்தும்மா,” என்றான் பிரசன்னா. “படமெல்லாம் சூளைல வச்சு சுட்டது, ஒன்னியும் ஆவாது. எழுத்த மட்டும் கம்பெனிக்காரங்க அவசரப்படுத்தி கடைசில, சுடாமயே மையால எழுத வச்சாங்க. தோ, இந்த ஸ்பிரிட் பட்டாகூட போயிடும்.”

ஓரத்தில் ஒட்டியிருந்த, கண்ணாடி பதிக்கிற பசையின் கறையைக் கரைத்தெடுக்க அவன் கொண்டுவந்த பாட்டில் அது. ஜன்னல் விளிம்பில் திறந்தபடி இருந்தது.

ஃபிரடி அந்தக் கம்பெனியில் இரும்புத் தகடுகளை அழுத்தி வடிக்கும் பிரஸ் லைனில் நின்றவன். ஆள் உள்ளே கை வைத்தால் மிஷினை நிறுத்த வேண்டிய சென்சார் வெகு நாளாகச் செத்துக் கிடந்தது. லைனை நிறுத்த முடியாது, ஓட்டு என்றார்கள். மாட்டிக்கொண்ட தகட்டை எடுக்கக் குனிந்தவன்மேல் பிரஸ் இறங்கியது.

வீட்டு ஆட்கள் ஓடிப்போய் கேட்டில் நின்றபோது யாரும் உள்ளே விடவில்லை. காண்ட்ராக்டரிடம் போய்க் கேளுங்கள் என்றார்கள். விசாரணையில், சென்சாரைப் பையனே கழற்றிவிட்டான் என்றது கம்பெனி. அதோடு, அவன் எங்கள் ஊழியரே கிடையாது, காண்ட்ராக்ட் ஆள் என்றும் சொல்லிக் கையைக் கழுவிக்கொண்டது.

விசாரணை முடிந்து, பேச்சு அடங்கி, எல்லாம் ஆறின பிறகு ஜன்னல் வந்தது. கம்பெனியின் நன்கொடை என்று கோயிலின் பங்குக் குழு வாங்கிக்கொண்டது. அந்த வீட்டில் யாரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

“குடுத்து வச்ச பையன்மா,” என்றான் பிரசன்னா, எழுத்தைப் பார்த்தபடி. “எந்தக் கம்பெனிக்காரன் இப்டிலாம் செய்றான், சொல்லு? அவங்கம்மாவ முன்னாடி உக்கார வச்சி பொன்னாட போத்தப்போறாங்களாம். ஃபாதர் சொன்னாரு.”

கிளாரா கறுத்த பஞ்சை உருவிப் போட்டுவிட்டுப் புதுப் பஞ்சைச் சுற்றினாள்.

அவனுக்கு போன் வந்தது. சிக்னல் கிடைக்காமல் ‘ஹலோ, ஹலோ’ என்று கத்திக்கொண்டே வாசலுக்குப் போனான்.

அவள் பஞ்சை ஸ்பிரிட்டில் முக்கினாள்.

முதலில் ஆய்தத்தின் மூன்று புள்ளிகள் போயின. பிறகு ‘பி’. பிறகு ‘ர’. கறுப்பு மை கரைந்து வழிந்தது. வழிந்ததைக் கீழே இறங்க விடாமல் ஒற்றி எடுத்தாள். பக்கத்து வார்த்தைகளில் ஈரம் படாமல் பார்த்துக்கொண்டாள். கம்பெனியின் பெயரை அவள் தொடவில்லை. அது அங்கேயே கிடக்கட்டும்.

‘எங்கள் அன்பு ஊழியர்’ என்பதற்கும் ‘நினைவாக’ என்பதற்கும் நடுவில் இப்போது வெறும் கண்ணாடி இருந்தது. அதன் வழியாகச் சாய்ந்த வெயில் நேராக உள்ளே வந்தது.

திரும்பி வந்த பிரசன்னா பார்த்தான். பாட்டிலைப் பார்த்தான். அவள் கையிலிருந்த பஞ்சைப் பிடுங்கி மோந்தான்.

“ஐயோ! இன்னாம்மா பண்ணி வச்சிகிற? இப்பத்தான படிச்சிப் படிச்சி சொன்னேன்?”

அவள் பாட்டிலை மூடி வைத்தாள்.

“தெரிஞ்சேவா அழிச்ச?” அவன் குரல் உயர்ந்தது. “கம்பெனிக்காரன் கெடக்கிறான், அவன் இன்னொரு வாட்டி எழுதச் சொல்லுவான். அந்தப் பையனப் பெத்தவ வந்து நிப்பாளே, புள்ள பேரத் தேடுவாளே. அவளுக்கு இன்னா பதில் சொல்லுவ நீ? உனுக்கெல்லாம் நெஞ்சு இல்ல?”

கிளாரா முக்காலியிலிருந்து இறங்கினாள்.

“தேட மாட்டா தம்பி,” என்றாள். “எம் புள்ள பேர நான்தான் எடுத்துக்கினேன்.”