வளைவுக்கு ஒரு விளக்கு

என் கணவர் எதிர்க்கட்சி எம்.எல்.ஏ. அன்று காலை சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே கண்ணாடி முன் பேசிப் பார்த்தார்.

“மாண்புமிகு பேரவைத் தலைவர் அவர்களே, எங்கள் ஊர்ச் சாலை வளைவில் ஒரு விளக்கு வேண்டும்...”

“எனக்கே மனப்பாடம் ஆயிடுச்சுங்க.”

“நீயாவது முழுசாக் கேக்குற. அங்க நான் எழுந்தாலே கூச்சல் போடுறாங்க. மீறிப் பேசினா மைக்கை அணைச்சிடுறாங்க.”

“அமைச்சர் என்னதான் சொல்றார்?”

“‘ஆவன செய்யப்படும்.’ தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் அதைத்தான் சொல்வார்.”

சிரித்துக்கொண்டே கிளம்பினார்.

அடுத்த வாரம் நான் பேரவைக்குப் போய்ப் பார்வையாளர் மாடத்தில் உட்கார்ந்தேன். சபாநாயகர் என் கணவரின் பெயரைச் சொன்னார். யாரும் கூச்சல் போடவில்லை. அவரைக் கேலி செய்தவர்கள்கூட எழுந்து நின்றார்கள். இத்தனை வருஷத்தில் அவருக்காக அந்தச் சபை அமைதியாக இருந்தது அன்றுதான்.

இரண்டு நிமிடம் கழித்து எல்லோரும் உட்கார்ந்தார்கள். இரங்கல் தீர்மானம் நிறைவேறியது. அவருடைய நாற்காலி காலியாக இருந்தது. சிரித்துக்கொண்டே போனவர், திரும்பி வரும்போது அந்த இருட்டு வளைவில்தான் லாரியில் மோதி இறந்தார்.

வெளியே அமைச்சர் என்னிடம் வந்தார். உண்மையாகவே கண்கலங்கியிருந்தார்.

“அண்ணன் போனது எங்களுக்கும் இழப்புதாம்மா. என்ன வேணும்னாலும் கேளுங்க.”

“அந்த வளைவுல ஒரு விளக்கு போட்டுக் குடுங்க, ஐயா.”

“கண்டிப்பாம்மா. ஆவன செய்யுறோம்.”

வருஷம் ஒன்று ஓடிவிட்டது. இருட்டினால், அந்த வளைவில் வண்டிகள் இன்றும் ஹாரன் அடித்துக்கொண்டுதான் திரும்புகின்றன.