வேலூர் பயணங்கள்

“இந்த வருஷம் பார்த்ததுலயே பெஸ்ட் ஊரு வேலூருதான்” என்றாள் நோரா. அதைக் கேட்க, கட்டிலில் படுத்திருந்த அவள் கணவர் பாக்கியராஜ் தலையணையை முதுகுக்குக் கொடுத்து மெல்ல நிமிர்ந்து உட்கார்ந்தார்.

மூலையில் அவருடைய தங்கை எலிசபெத் ஒரு ஜாக்கெட்டின் தையலைப் பிரித்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

கோலார் தங்கவயலில் சுரங்க வேலை பார்த்த நாளிலிருந்தே பாக்கியராஜுக்கு அந்தப் பழக்கம். டிசம்பர் முப்பத்தொன்றாம் தேதி வீட்டில் இருப்பவர்கள், அந்த வருஷம் தங்களுக்குப் பிடித்த படம் எது, பாட்டு எது, போய்வந்த ஊர் எது என்று சொல்லியாக வேண்டும். சுரங்கத்தை மூடிவிட்டார்கள். குடும்பம் பெங்களூர் ஒக்கலிபுரத்துக்கு வந்துவிட்டது. நுரையீரலில் படிந்த கல்தூசி அவரைக் கட்டிலில் போட்டுவிட்டது. பழக்கம் மட்டும் போகவில்லை.

இப்போது வாசல்வரைகூட அவரால் நடக்க முடியாது. அதனால் சொல்வது நோரா, கேட்பது அவர் என்றாகிவிட்டது.

பிடித்த படம், மாப்பிள்ளை மாறிப்போகிற ஒரு கல்யாணக் கதையாம். பந்தியில் காமெடியன் மாட்டிக்கொண்டு முழிக்கிற இடத்தை நோரா நடித்தே காட்டினாள். பாக்கியராஜ் சிரித்தார். சிரிப்பு இருமலாகி, ஆக்ஸிஜன் குழாயை மூக்கில் செருகிய பிறகுதான் அடங்கியது. கடைசியில் யாரை யார் கட்டிக்கொண்டார்கள் என்று கேட்டார். முடிவு தெரியாது, பாதியிலேயே எழுந்து போகும்படி ஆகிவிட்டது என்றாள் நோரா.

பிறகு வேலூர்க் கதை. கோட்டையைச் சுற்றிலும் அகழியாம், அதில் ஆகாயம் அப்படியே விழுந்து கிடக்குமாம். காட்பாடியில் ரயிலைவிட்டு இறங்கியதுமே வெயில் செருப்பைத் தாண்டிச் சுடுமாம். தான் வேலை பார்க்கும் கம்பெனிப் பெண்களோடு மாதாமாதம் டூர் போனாலும் அலுக்காத ஊர் என்றாள்.

எலிசபெத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அண்ணி ஊர் சுற்றப் போகிற நாளெல்லாம் தையல் மெஷினை மூடிவிட்டு அண்ணனுக்குக் கஞ்சி ஊட்டுகிறவள் அவள்தான். இந்த ஒரு வருஷத்தில் அண்ணியின் ஜாக்கெட்டுகளை இரண்டு தடவை பிடித்துத் தைத்தாகிவிட்டது. இப்போது மடியில் கிடப்பது மூன்றாவது தடவை. புருஷன் மூச்சுக்குத் தவிக்கும்போது இவள் யாருக்காக இடுப்பைக் குறைக்கிறாள்?

“அடுத்த வருஷம் எங்க போவலாம்னு இருக்க?” என்று கேட்டார் பாக்கியராஜ்.

நோரா அவருடைய போர்வையைச் சரிசெய்தாள். “அடுத்த வருஷம் நீங்க சொல்லுங்க. நான் கேட்டுக்கறேன்.”

இருட்டுவதற்குள் பேக்கரியில் கேக் வாங்கி வருவதாகச் சொல்லி, தலையில் முக்காடு போட்டுக்கொண்டு கிளம்பினாள். செருப்புச் சத்தம் தெருவில் தேய்ந்ததும் எலிசபெத் தையலைக் கீழே வைத்தாள்.

“அண்ணே, நான் சொல்றது கசக்கும். அண்ணி கம்பெனில டூருன்னு ஒண்ணு கெடையவே கெடையாது. அங்க கூட வேலை செய்யற யசோதா எங்கிட்டதான் துணி தைக்கறா. அவளே சொன்னா.”

பாக்கியராஜ் மூக்கிலிருந்த குழாயைச் சரிசெய்துகொண்டார். எலிசபெத் விடுவதாக இல்லை. மாதாமாதம் பவுடர் பூசிக்கொண்டு போகிறவள் தனியாகவா போவாள் என்றாள். வியாதிக்காரன் என்று ஏய்க்கிறாள், கட்டிலில் கிடப்பவனுக்குக் கண்ணுமா அவிந்துபோயிற்று என்று கேட்டாள். சொல்லச் சொல்ல அவளுக்கே அழுகை வந்துவிட்டது.

“டூரு இல்லேன்னு எனக்குத் தெரியும்” என்றார் அவர்.

எலிசபெத் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தெரிந்துமா இப்படிச் சிரித்துச் சிரித்துக் கதை கேட்கிறாய் என்றாள். அவர் அவளைப் பக்கத்தில் வந்து உட்காரச் சொன்னார். நாலு வார்த்தைக்கு ஒரு முறை மூச்சு வாங்கியது.

போன வாரம் கிறிஸ்துமஸுக்கு அவரைப் பார்க்க முனிகிருஷ்ணன் வந்திருந்தான். சுரங்கத்தில் அவரோடு ஒரே ஷிப்டில் இறங்கியவன், இப்போது வேலூரில் ஒரு ஆஸ்பத்திரியில் வார்டு வேலை பார்க்கிறான். அங்கே வெயிட்டிங் ஹாலில் டிவி பார்த்துக்கொண்டு, பேர் கூப்பிடும்வரை தனியாக உட்கார்ந்திருப்பாளாம் நோரா. முதல் தடவை யாரோ என்று நினைத்தானாம். அடுத்தடுத்த மாதமும் பார்த்தபோது விசாரித்திருக்கிறான். அவர் காதுக்குப் போகக் கூடாது என்று அவனிடம் கையெடுத்துக் கும்பிட்டிருக்கிறாள்.

எலிசபெத் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். அண்ணனைக் காப்பாற்ற ஏதாவது புது மருந்து உண்டா என்று கேட்கத்தான் அங்கே போகிறாளா என்று கேட்டாள்.

பாக்கியராஜ் வாசலைப் பார்த்தபடியே சொன்னார்.

“எனக்கு முன்னாடி அவதான் போவப்போறா, எலிசா.”