இருசம்மாளின் முதல் ஓட்டு

அன்று எங்கள் கூடாரத்தில் நான்கு பேர். கிளைத் தலைவர் பாலகிருஷ்ணன், செயலாளர் சேகரன், நாசி லெமாக் சோற்றுப் பொட்டலம் கொடுக்கும் குஞ்சம்மா, வாக்காளர் பட்டியலில் கோடு போடும் நான். ரோட்டுக்கு அந்தப் பக்கம் எதிர்க்கட்சிக் கூடாரத்தில் மூன்று பேர். ஓட்டுப் போடும் பள்ளிக்கூடத்தின் வாசலில் மலாய்ப் போலீஸ்காரர் ஒருவர்.

தொண்ணூற்றைந்தாம் ஆண்டுப் பொதுத்தேர்தல். எங்கள் ரப்பர்த் தோட்டத்துப் பட்டியலில் 143 பெயர்கள். இறந்தவர் 4, வெளியூர் போனவர் 9. இவர்களைக் காலையிலேயே அடித்துவிட்டேன். வரவேண்டியவர் 130. ஓட்டுப்பதிவு ஐந்து மணி வரைதான். மணி நாலானபோது 128 கோடு விழுந்திருந்தது.

“இன்னும் ரெண்டு பேர்தான்,” என்றேன்.

“ஒண்ணு இருசம்மா. அது வராட்டி நமக்கு லாபம்,” என்றார் சேகரன்.

“இன்னொண்ணு…” என்று தொடங்கினேன். அதற்குள் பள்ளிக்கூட வாசலில் சத்தம்.

இருசம்மாளேதான். வயது அறுபத்து மூன்று. எங்கள் வேனில் கால் வைக்க மாட்டேன் என்று மூன்று மைல் நடந்தே வந்திருந்தார்.

போன வாரக் கூட்டத்தில் எல்லார் முன்னாலும் அவர் தலைவரைக் கேட்டுவிட்டார்: “குழாய்த் தண்ணி வருது வருதுன்னு மூணு தேர்தலாச் சொல்றீங்க. நீலக் கார்டு வாங்கித் தர்றோம்னீங்க. யாரு வாங்கித் தந்தா? இருபத்திரண்டு வருசம் நானே ஆபீஸ் ஆபீஸா நடந்து வாங்கினேன். என் முதல் ஓட்டு உங்களுக்கு எதிராத்தான், தெரிஞ்சுக்குங்க!”

நீலக் கார்டு இருந்தால்தான் குடியுரிமை. அதுவரை அவரிடம் இருந்தது சிவப்புக் கார்டு. அதற்கு ஓட்டு இல்லை.

இன்று அந்த நீலக் கார்டை அவர் கொண்டுவரவில்லை. கையில் இருந்தது ஜெராக்ஸ். உள்ளே விடவில்லை.

“அசல் எங்கேக்கா?” என்று குஞ்சம்மா ஓடிப்போய்க் கேட்டார்.

“சாமி மேடையில வச்சிருக்கேன். வெளியே எடுத்தாந்து தொலைச்சிட்டா? மறுபடியும் இருபத்திரண்டு வருசம் நடக்க எனக்கு ஆயுசு இருக்கா?”

சேகரன் சிரித்தார். குஞ்சம்மா சிரிக்கவில்லை.

இருசம்மாள் ரோட்டைக் கடந்து எதிர்க் கூடாரத்துக்குப் போனார். “தம்பி, உங்களுக்குத்தான் போடப் போறேன். வீடு சும்மா சாத்தித்தான் கெடக்கு. யாராச்சும் ஓடிப்போய் எடுத்தாங்கப்பா.”

“கார் ஜாசினுக்குப் போயிருக்கு, பாட்டி. வந்தாப் பார்க்கலாம்.”

அவர் அங்கேயே கால்வாய்க் கட்டையில் உட்கார்ந்து முந்தானையால் கண்ணைத் துடைத்தார்.

எங்கள் தலைவர் எழுந்தார். “ஜெராக்சைத் தூக்கிக்கிட்டு மூணு மைல் நடந்து வந்திருக்கு! இதுக்கெல்லாம் ஓட்டு ஒரு கேடு!” என்று கத்தினார். பிறகு, “எனக்குத் தலை வலிக்குது. வீட்டுக்குப் போறேன்,” என்று மோட்டார் சைக்கிளை உதைத்துக் கிளம்பிவிட்டார். மணி 4.10.

“முடியறதுக்குள்ள தலைவரே ஓடிட்டா எப்படி லா?” என்றார் சேகரன்.

எனக்கும் கோபம்தான். அழுகிற வயதான பெண்ணை ஏசிவிட்டுப் போகிற மனிதரைப் பற்றி என்ன சொல்வது?

மணி 4.48. மனைவியைப் பின்னால் வைத்துக்கொண்டு ஒரு மலாய்க்காரர் மோட்டாரில் வந்தார். போலீஸ்காரர் கையில் எதையோ கொடுத்து இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போய்விட்டார்.

“மக்சிக்! மக்சிக்!” மலாயில் ‘பெரியம்மா’ என்று கூப்பிட்டபடி போலீஸ்காரர் நீலக் கார்டை உயர்த்திக் காட்டினார்.

இருசம்மாள் ஓடிய ஓட்டத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

4.57-க்கு வெளியே வந்தார். நேராக எதிர்க் கூடாரத்துக்குப் போய்க் கைகூப்பினார். “நீங்க நல்லா இருப்பீங்க தம்பி.”

மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். ஒருவர், “பரவாயில்ல பாட்டி,” என்றார்.

பிறகு எங்களிடம் வந்தார். “பார்த்தீங்களா? எங்காளுங்க ஆள் விட்டு எடுத்தாந்துட்டாங்க. உங்க தலைவர் எங்க? தூங்கப் போயிட்டாரா?”

அவர் நிமிர்ந்து நடந்து போனார்.

ஐந்து மணிக்கு வாசலைச் சாத்தினார்கள். நாற்காலிகளை மடித்தோம்.

5.20-க்குத் தலைவர் வந்தார், மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு. பின் டயரில் காற்று இல்லை. சட்டை வியர்வையில் தொப்பலாக நனைந்திருந்தது.

“தலைவலி விட்டுச்சா தலைவரே?” என்றார் சேகரன்.

அவர் அதைக் காதில் வாங்காமல் என் பக்கத்தில் வந்து குனிந்தார்.

“பாலத்துக்கிட்ட டயர் போயிருச்சிண்ணே. அந்த வழியா வந்த மலாய்க்காரர் மோட்டார்ல பின்னாடி சம்சாரம். ஒரு ஆள் ஏற எடமில்ல. கார்டை மட்டும் குடுத்து விட்டேன். அஞ்சுக்குள்ள வந்து சேந்துச்சா?”

மடித்த நாற்காலியைக் கீழே வைத்தேன்.

“வந்துச்சு. ஓட்டும் போட்டாச்சு. யாருக்குப் போட்டுச்சுன்னு தெரியுமில்ல?”

“தெரியாமலா போனேன்? தண்ணி வரலேன்னா அது வேற எங்க போய்ச் சொல்லும்? அதுக்கிட்ட ஒண்ணும் சொல்லிடாதீங்க. இன்னைக்கு ஒரு நாளு சந்தோசமா இருக்கட்டும்.”

அடிக்கோலை வைத்து இருசம்மாள் பெயரில் கோடு போட்டேன். 129.

கடைசி ஆளை உள்ளே அனுப்பிவிட்டுத்தான் தன் ஓட்டு என்று காலை ஆறு மணியிலிருந்து நின்ற மனிதர் அவர். அவர் பெயரில் மட்டும் கோடு விழவில்லை.

பாலகிருஷ்ணன் த/பெ இருளாண்டி. மிச்சம் 1.