விலையில் சேர்த்தி

பேங்க்கில் கடன் வாங்கித்தான் புது டாக்டர் அந்தப் பல் கிளினிக்கை வாங்கினார். சாய்வு நாற்காலியும், வாய்க்குள் விட்டுப் பார்க்கும் குட்டிக் கண்ணாடியும், பழைய டாக்டரை நம்பி வந்தவர்களும் விலையில் சேர்த்தி.

அப்படி நம்பி வந்த செண்பகவல்லி வாயைத் திறந்தாள். கண்ணாடி பார்த்தது. சொத்தையே இல்லை.

"ரூட் கேனல் பண்ணணும்மா," என்றார் டாக்டர்.

"அடப்பாவி, நல்ல பல்லுடா!" என்று கண்ணாடி நாற்காலியிடம் பதறியது.

"சும்மா இருடா யோக்கியா. தவணை கட்டலேன்னா பேங்க்காரன் நம்மையும்தான் தூக்கிட்டுப் போவான்," என்றது நாற்காலி.



"நீங்க சொன்னா சரிதாங்க," என்றாள் செண்பகவல்லி. அவள் மூச்சுப் பட்டுக் கண்ணாடி மங்கியது. அப்படியே இருந்துவிட்டால் போதும் என்றிருந்தது அதற்கு.

டாக்டர் அதைத் துடைத்து மறுபடி உள்ளே விட்டார். பல் வெள்ளை வெளேரென்று தெரிந்தது.